ஞாயிற்றுக்கிழமை எழுப்பவா, தூங்க விடவா?

கேள்வி: என் மகளுக்கு வயது 16. போன வருடம் வரை வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது கதவைச் சாத்திக்கொண்டால் சாப்பிடத்தான் வெளியே வருகிறாள். எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள். அவள் படுக்க இரவு 1.30 ஆகிறது. காலை 6.15க்கு நாலு தடவை கத்தி எழுப்ப வேண்டியிருக்கிறது. பள்ளியிலிருந்து வந்ததும் 5 மணியிலிருந்து 7 மணி வரை தூக்கம். சனிக்கிழமை இரவு 3 மணி வரை விழித்திருந்துவிட்டு, ஞாயிறு மதியம் 12 மணிக்குத்தான் எழுந்திருக்கிறாள். போன வாரம் பேனா மூடியைக் காணவில்லை என்று அரை மணி நேரம் அழுதாள். "நான் எதுக்குமே லாயக்கில்ல" என்றாள். சோம்பேறித்தனம் என்கிறார் மாமியார். எல்லாம் போன் செய்கிற வேலை என்கிறார் கணவர். டிப்ரஷனாக இருக்கும், உடனே டாக்டரிடம் காட்டு என்கிறாள் தோழி. லீவில் பத்து நாள் நன்றாகத்தான் இருந்தாள். மனசு சரியில்லாததால் தூங்கவில்லையா, தூங்காததால் மனசு சரியில்லையா? வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை எழுப்பவா, தூங்க விடவா?

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரி,

மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். "எதுக்குமே லாயக்கில்ல" என்று பதினாறு வயதுப் பெண் சொன்னால், அது கோபத்தில் வந்த சொல்லாகவும் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். எது என்று வெளியிலிருந்து ஊகிக்க வேண்டாம். கேட்டுவிடுங்கள். வீட்டில் வேறு யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, "அன்னிக்கு அப்படிச் சொன்னியே, வாழவே வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மண்டையில் ஏற்றிவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் பாரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. "ஆமாம்" என்று அவள் சொன்னாலோ, கையில் கீறல் தழும்பு எதையாவது நீங்கள் பார்த்தாலோ, இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்க வேண்டாம். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள். தூக்கத்தையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"இல்லம்மா, சும்மா கோபத்துல சொன்னேன்" என்று அவள் சொல்லி, உங்களுக்கும் அது உண்மையாகப் பட்டால், சரி, இப்போது தூக்கத்துக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். லீவில் பத்து நாள் நன்றாகத்தான் இருந்தாள் என்கிறீர்களே, அதுதான். அந்தப் பத்து நாளும் அவளை யாரும் 6.15க்கு எழுப்பியிருக்க மாட்டீர்கள். அதே போன் அப்போதும் கையில்தான் இருந்திருக்கும். வீடும் அதே வீடு, அப்பா அம்மாவும் அதே அப்பா அம்மாதான். பரீட்சைக் கவலை இல்லை என்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் மனச்சோர்வு நோய் நன்றாக முற்றியிருந்தால், லீவு விட்ட நாலாவது நாளே பெண் பழையபடி வாயாடத் தொடங்குவது அபூர்வம். நோய்க்கு லீவு தெரியாது. பற்றாக்குறைத் தூக்கத்துக்குத் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். இரவு 1.30லிருந்து காலை 6.15 வரை, நாலே முக்கால் மணி நேரம். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016ல் பரிந்துரைத்தது. குறைந்தபட்சக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் பள்ளி நாட்களில் ஒவ்வோர் இரவும் மூன்று மணி நேரத்துக்கு மேல் கடன். சாயங்காலத் தூக்கத்தில் கொஞ்சம் அடைக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அடைக்கிறாள். ஆக, உங்கள் பெண் சோம்பேறி என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடன்காரி என்று வேண்டுமானால் சொல்லலாம். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

இழந்த தூக்கத்தில் எந்தப் பகுதி இழந்தது என்பதும் முக்கியம். இரவின் முன்பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். கனவு வரும் தூக்கம் பெரும்பாலும் பின்பாதியில், விடியற்காலையை ஒட்டித்தான் குவிந்திருக்கிறது. அன்றாடம் பட்ட அவமானம், பயம், கோபம் ஆகியவற்றின் காரத்தைத் தணித்து நினைவில் எடுத்து வைக்கிற வேலையில் இந்தக் கனவுத் தூக்கத்துக்குப் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. அலாரம் வைத்துக் காலைத் தூக்கத்தை நறுக்கும்போது நாம் நறுக்குவது பெரும்பாலும் இதைத்தான். நேற்றைய கோபம் நேற்றைய சூட்டோடேயே இன்றைக்கும் எழுந்து வருகிறது.

பேனா மூடிக்கு அரை மணி நேரம் அழுகை எப்படி வந்தது? 2007ல் நடந்த ஓர் ஆய்வில், ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்த இளைஞர்களையும் நன்றாகத் தூங்கியவர்களையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, மனதைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். தூங்காதவர்களின் மூளையில் அமிக்டலா என்ற பகுதி 60 சதவீதம் கூடுதலாகத் துள்ளியது. ஆபத்து, பயம் என்றால் முதலில் அடிக்கிற மணி அது. வழக்கமாக "சும்மா இரு, ஒன்றும் ஆகவில்லை" என்று அதை அடக்குகிற முன்மூளையோடு அதற்கு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. அவர்கள் வளர்ந்தவர்கள். பதின்வயதில் அந்த முன்மூளையே இன்னும் முழுக்க முதிர்ந்திருக்காது. மூடி தொலைந்ததற்கு மணி அடித்திருக்கிறது, அதை நிறுத்த ஆள் இல்லை.

கோபத்தையும் அழுகையையும் கவனித்த நீங்கள், சிரிப்பைக் கவனித்தீர்களா? தூக்கம் குறைந்தால் சோகம் கூடுவதை விட, சந்தோஷம் குறைவதுதான் ஆய்வுகளில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பிடித்த ஜோக்குக்குக்கூட உதட்டைக் கோணிவிட்டுப் போவார்கள். வீட்டில் எல்லோரும் "என்ன திமிர்" என்பார்கள்.

இனி, ஏன் அவளால் பத்து மணிக்குத் தூங்க முடிவதில்லை? இங்கேதான் உங்கள் கணவரோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு.

பருவமடையும் காலத்தில் உடம்புக்குள் இருக்கிற கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்ல, இருட்டியதும் மூளை சுரக்கிற மெலடோனின், சின்னப் பிள்ளைகளைவிடப் பதின்வயதினருக்கு ஒன்று இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. நாள் முழுக்க விழித்திருப்பதால் சேர்கிற தூக்க அழுத்தமும் அவர்களுக்கு மெதுவாகத்தான் ஏறுகிறது. மேரி கார்ஸ்காடன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலிருந்து பிள்ளைகளின் தூக்கத்தை அளந்து அளந்து இதையெல்லாம் காட்டியிருக்கிறார். இந்தத் தாமதம் இருபது வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே மெல்லத் திரும்பி வருகிறது. உங்கள் கணவரும் அந்த வயதில் அப்படித்தான் இருந்திருப்பார். கேட்டுப் பாருங்கள், இல்லவே இல்லை என்பார். அவருடைய அம்மா வீட்டில்தானே இருக்கிறார், அவரைக் கேளுங்கள்.

இதனால்தான் 2014ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. கலிபோர்னியாவில் அது 2022 முதல் மேல்நிலைப் பள்ளிகளுக்குச் சட்டமாகவே நடைமுறைக்கு வந்துவிட்டது. "லேட்டாகப் பள்ளி வைத்தால் இன்னும் லேட்டாகப் படுப்பார்கள், அவ்வளவுதான்" என்று சொல்கிறவர்கள் உண்டு. சியாட்டில் நகரத்தில் 2016ல் 7.50ஐ 8.45 ஆக்கிப் பார்த்தார்கள். பிள்ளைகள் அந்த நேரத்தை வீணாக்கவில்லை, தினம் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். உங்கள் பெண்ணின் பள்ளி மணியை நீங்களும் நானும் மாற்ற முடியாது. ஆனால் காலையில் நாலாவது தடவை கத்தும்போது, உங்களுக்கு 6.15 ஆக இருப்பது அவள் உடம்புக்கு இன்னும் நடுராத்திரிதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

போனுக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் எல்லோரும் சொல்கிற விதத்தில் இல்லை. திரையிலிருந்து வரும் நீல ஒளிதான் வில்லன் என்கிறார்கள். 2015ல் வெளியான ஒரு ஆய்வில், படுக்கும் முன் நாலு மணி நேரம் ஒளிரும் திரையில் புத்தகம் படித்தவர்கள், அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடச் சுமார் 10 நிமிடம்தான் தாமதமாகத் தூங்கினார்கள். உங்கள் வீட்டுப் பிரச்சினை பத்து நிமிடத்துப் பிரச்சினையா? ஒளியைவிட உள்ளே இருப்பதுதான் பெரிது. ஒரு தோழி பாதி வாக்கியத்தோடு நிறுத்திவிட்டுப் போயிருப்பாள். இன்னொருத்தி இவளுக்குப் பதில் போடாமல் வேறு யாருக்கோ போட்டிருப்பாள். நாமாக இருந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டுத் தூங்குவோமா?

ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், கிட்டத்தட்ட இதே நிலையில் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். "9.30க்குப் போனை வாங்கி வையுங்கள், விளக்கை அணையுங்கள்" என்று கறாராகச் சொல்லி அனுப்பினேன். பெற்றோர் அப்படியே செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து வந்தபோது பையன் முன்னைவிட வாடியிருந்தான்.

"இருட்டுல படுத்துக்கிட்டு என்ன பண்ணுவே?"

"யோசிப்பேன்."

"என்ன யோசிப்பே?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாத்தையும்," என்றான்.

தினமும் மூன்று மணி நேரம், பன்னிரண்டரை வரை, கொட்டக் கொட்ட விழித்தபடி தன் குறைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறான். வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் உடம்பு மிகவும் விழிப்பாக இருக்கும் நேரம். அந்த நேரத்தில் படுக்கப் போட்டால் தூக்கம் வராது, எண்ணங்கள்தான் வரும். அவனைத் தூங்க வைப்பதாக நினைத்து, அவன் கவலைப்படுவதற்கு ஒரு நேரமும் இடமும் ஒதுக்கிக் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து யாருக்கும் படுக்கும் நேரத்திலிருந்து வைத்தியம் தொடங்குவதில்லை. எழும் நேரத்திலிருந்துதான் தொடங்குகிறேன். தூக்கத்தை வரவழைக்க நம்மால் முடியாது, எழுந்திருக்க முடியும். கடிகாரத்தை நகர்த்த நமக்குக் கிடைத்த பிடி காலையில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இதை எப்படிச் செய்வது?

பள்ளி நாட்களில் எழும் நேரம் ஏற்கெனவே கட்டாயமாக இருக்கிறது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் வெளி வெளிச்சம் அவள் கண்ணில் பட வேண்டும். மாடியோ வாசலோ, எங்கேயாவது இருபது நிமிடம் போதும். மேகமூட்டமான நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். உடம்புக் கடிகாரத்தை முன்னே இழுப்பதற்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது.

அடுத்தது அந்த 5 முதல் 7 வரைத் தூக்கம். இதுதான் உங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். நாள் முழுக்கச் சேர்த்த தூக்க அழுத்தத்தை அவள் சாயங்காலமே செலவு செய்துவிடுகிறாள். அப்புறம் இரவு 11 மணிக்கு எங்கிருந்து வரும்? ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் நடக்காது, பாவம், வரும்போதே கண் சொருகியபடிதான் வருவாள். வந்ததும் இருபத்தைந்து நிமிடம் தூங்கட்டும், அலாரத்தோடு, கட்டிலில் இல்லாமல் சோபாவில். முதல் வாரம் எழுந்திருக்கும்போது உங்களைக் கடித்துக் குதறுவாள். தாங்கிக்கொள்ளுங்கள். தூக்கம் கலைந்த அந்தப் பதினைந்து நிமிடமும் மூளை முழுதாக விழித்திருக்காது. அப்போது சொல்கிற எந்த வார்த்தையையும் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். காலை 6.15க்கும் இதே விதிதான். ரேங்க் கார்டு பற்றி அந்த நேரத்தில் பேசுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் எழுந்ததும் காபி, டீ குடிக்கிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. குடிக்கிறாள் என்றால், 6 மணிக்கு உள்ளே போன கஃபீனில் ஏறக்குறையப் பாதி இரவு 11 மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மதியத்துக்குப் பிறகு வேண்டாம்.

படுக்கும் நேரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். எழும் நேரம், வெளிச்சம், சாயங்காலத் தூக்கம் மூன்றும் ஒரு வாரம் ஒழுங்காக நடந்தால் 1.30 தானாகவே ஒரு மணிப் பக்கம் நகரத் தொடங்கும். பிறகு மூன்று நாளைக்கு ஒரு முறை பதினைந்து நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். போன் விஷயத்தில் ஒரே ஒரு யோசனை: இரவு வீட்டில் எல்லாப் போனும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். எல்லாப் போனும் என்றால் உங்கள் கணவருடையதும்தான். அவளுடையதை மட்டும் பறித்தால் அது தண்டனை, எல்லோருடையதும் போனால் வீட்டு வழக்கம். படுத்த இருபது நிமிடத்தில் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வந்து மங்கலான வெளிச்சத்தில் எதையாவது படிக்கட்டும், கண் சுழற்றும்போது திரும்பிப் போகட்டும். கட்டிலில் புரண்டு புரண்டு கிடந்தால் கட்டிலைப் பார்த்ததுமே மனது கவலைக்குத் தயாராகிவிடும்.

உங்களுக்கோ மாமியாருக்கோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் பாதி கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றினால், வேண்டாம். மெலடோனின் மாத்திரையும் அப்படித்தான். எந்த நேரத்தில், எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் அது வேலை செய்கிறது, மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம்.

ஒரு நோட்டில் இரண்டு வாரத்துக்கு நாலே நாலு விஷயம் எழுதச் சொல்லுங்கள். படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், அன்று சாயங்காலம் மனசு எப்படி இருந்தது என்பதற்குப் பத்துக்கு ஒரு மார்க். அவளே எழுதட்டும், நீங்கள் எட்டிப் பார்க்காதீர்கள். "தூங்கினால் மனசு சரியாகும்" என்று நான் நூறு தடவை சொல்வதைவிட, ஆறு மணி நேரம் தூங்கிய நாளுக்குப் பக்கத்தில் தன் கையாலேயே 7 என்று எழுதியிருப்பதை அவள் பார்ப்பது மேல்.

மனசா, தூக்கமா, எது முதலில் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். ஆனால் தூக்கம் முந்திக்கொள்வது நாம் நினைத்ததைவிட அதிகம். 2011ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தூக்கமின்மை மட்டும் இருந்து மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. அதற்கு முந்தைய வருடம் வெளியான இன்னொரு ஆய்வு எனக்குப் பிடித்தமானது. 15,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பதின்வயதினரைப் பார்த்தார்கள். பெற்றோர் நள்ளிரவோ அதற்கு மேலோ படுக்க அனுமதித்த பிள்ளைகளுக்கு, 10 மணிக்குள் படுக்கச் சொன்ன வீட்டுப் பிள்ளைகளைவிட மனச்சோர்வு 24 சதவீதமும், தற்கொலை எண்ணம் 20 சதவீதமும் அதிகமாக இருந்தன. இதில் படுக்கும் நேரத்தை வைத்தவர்கள் பெற்றோர். ஆகவே பிள்ளைக்கு மனசு சரியில்லாததால்தான் நேரம் தள்ளிப்போனது என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் தோழி சொன்னதை ஒதுக்கிவிடலாமா? கூடாது. பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் சோகம் தெரியும், பதின்வயதினருக்கோ பல சமயம் எரிச்சல்தான் தெரியும். அதனால் வெளித் தோற்றத்தை வைத்துப் பிரிப்பது எனக்கே கஷ்டம். மூன்று நாலு வாரம் தூக்கம் நன்றாகத் தேறிய பிறகும் எதிலும் பிடிப்பு வரவில்லை, தோழிகளை அண்டவில்லை, சாப்பாடு குறைந்தது அல்லது தாறுமாறாகக் கூடியது, படிப்பு சரிந்தது என்றால் அழைத்து வாருங்கள். இடையிலேயே நிலைமை மோசமானால் அந்த மூன்று வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இதற்கு நேர்மாறாக, மூன்று மணி நேரம்தான் தூங்குகிறாள், ஆனால் களைப்பே இல்லை, நிற்காமல் பேசுகிறாள், பெரிய பெரிய திட்டம் போடுகிறாள் என்றால் அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும். பலமாகக் குறட்டை விடுகிறாள், அல்லது படுத்ததும் கால் குறுகுறுக்கிறது, அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது என்றால் பொது மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். கால் குறுகுறுப்புக்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு ஒளிந்திருப்பது உண்டு. அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

கடைசியாக உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி. பள்ளி நாளில் அவள் தூக்கத்தின் நடுப்புள்ளி அதிகாலை 4 மணிக்குச் சற்று முன்னால். ஞாயிறன்று அது காலை 7.30. ஒவ்வொரு வார இறுதியிலும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசமுள்ள தேசத்துக்கு விமானத்தில் போய்விட்டுத் திங்கட்கிழமை காலை திரும்பி வருவது போல. அதற்காக 6.15க்கே எழுப்பினால் வாரம் முழுக்கச் சேர்ந்த கடனில் ஒரு பைசாகூட அடையாது. நடுவழியில் போங்கள். இந்த ஞாயிறு 10 மணி, அடுத்த ஞாயிறு 9.15, அதற்கடுத்து 8.30, அதோடு நிறுத்திவிடுங்கள். எழுப்புவதற்கு முன் திரைச்சீலையைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் வெளிச்சத்தை வேலை செய்ய விடுங்கள், பிறகு உள்ளே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நாலு தடவை கத்த வேண்டியிருக்காது, இரண்டு தடவை ஆகலாம். நேரத்தை முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலமே, அவள் நன்றாக விழித்திருக்கும்போது, அவளோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பத்தரை வேண்டும் என்று பேரம் பேசினால் கொடுத்துவிடுங்கள்.